வியாதியும் வினைப்பயனும்

ஒரு ஸ்திரீக்குக் கருப்பை வாயில் புற்று என்று தெரிந்த மாத்திரத்தில், சிகிச்சையைப் பற்றி விசாரிக்குமுன்னரே அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி விசாரிக்கத் தலைப்படுவோரும், சற்றே இரக்கமுள்ளவர்களாயின் பூர்வஜன்ம வினை என்று சொல்லிப் பெருமூச்செறிவோரும் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். நோய் என்பது தண்டனை என்னும் ஒரே நம்பிக்கையிலிருந்துதான் இவ்விரு தீர்ப்புகளும் பிறக்கின்றன. அந்த நம்பிக்கை உண்மைக்கும் தர்மத்துக்கும் பொருந்துமா?

1842-ல் வெரோனா நகரத்து மரணப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்னும் இத்தாலிய வைத்தியர், கருப்பைப் புற்று கன்னியாஸ்திரீகளிடையே அரிதாகவும், மணமான ஸ்திரீகளிடையேயும் கைம்பெண்களிடையேயும் மிகுதியாகவும் இருக்கக் கண்டார். மிகுதியாகக் காணப்பட்டது குடும்ப ஸ்திரீகளிடத்தில் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1983-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹவுஸனின் குழுவினர், பாப்பிலோமா வைரஸ்களுள் 16-ஆம் வகையைப் புற்றுத் திசுவிலேயே கண்டறிந்து காரணத்தைத் துலக்கினர். பாப்பிலோமா வைரஸ், உடலுறவு கொண்ட ஆண் பெண் இருபாலாரில் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு முறையேனும் தொற்றுகிறது. தொற்றியவற்றுள் 100-க்குச் சுமார் 90 இரண்டு ஆண்டுகளுக்குள் சரீரத்தின் சொந்த சக்தியாலேயே நீங்கிவிடுகின்றன. நீங்காமல் தங்கிய சிலவே பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாக முற்றக்கூடும். கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்ணையும், யாதொரு அறிகுறியுமின்றி வைரஸைச் சுமந்திருக்கும் அக்கணவன் மூலமாகவே அது வந்தடையலாம். பாபத்தின் அளவுக்கேற்ப வருவதே தண்டனையென்றால், இதைத் தண்டனை என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

கர்மத்தில் நம்பிக்கை கொண்டவர்களுக்கே இதற்குரிய விடை பழைய காலத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மனிதன் அனுபவிக்கும் சுகதுக்கங்கள் யாவும் முற்செய்கையின் பயனே என்போரைப் பற்றிச் சீவகன் என்னும் பரிவ்ராஜகன் ராஜகிருகத்தில் வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாயு, பருவமாற்றம் முதலிய காரணங்களை அடுக்கி, கர்மம் அவற்றுள் ஒன்று மாத்திரமே என்று புத்தர் விளக்கியதாகச் சம்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல் கூறுகிறது. கர்மக் கொள்கை ஒருவன் தன் கடமையைத் தானே சோதித்துக்கொள்வதற்காக ஏற்பட்டதேயன்றி, படுக்கையில் கிடப்பவளின் மீது குற்றம் சாட்டுவதற்காக ஏற்பட்டதன்று என்பதே என் துணிபு.

இவ்வைரஸைத் தடுக்கும் தடுப்பூசியைப் பற்றிய தயக்கத்துக்கும் நோய் தண்டனை என்னும் அந்நம்பிக்கையே ஆதாரம். ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமிக்கு இதைப் போடுவது ஒழுக்கக்கேட்டுக்கு அனுமதியளிப்பதாகும் என்று அஞ்சும் பெற்றோரின் கவலை அன்பினால் விளைந்ததே. ஆனால் வைரஸ் தொற்றுவதற்கு முன்னரே போட்டால்தான் ஊசி முழுப்பயன் தரும், தொற்றியதை அது நீக்காது. ஸ்வீடனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வொன்றில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் இப்புற்று 88 சதவீதம் குறைந்திருந்தது. ஒழுக்கத்தைக் காப்பது வளர்ப்பு; அந்த வேலையை ஒரு நோயின் பயத்திடம் ஒப்படைக்கும் தர்மம் எந்தச் சமயத்துக்கும் பெருமையன்று.

ஊசிக்குரிய வயதைக் கடந்த தாய்மாருக்கும் வழியுண்டு. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியர்கள் நீர்த்த அசெடிக் அமிலத்தைத் தடவி, கண்ணால் பார்த்துச் செய்த ஒரே பரிசோதனையால் இப்புற்றின் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே பெற்றோர்களே, உங்கள் புதல்வியருக்கு உரிய வயதில் ஊசி போடுவியுங்கள். முப்பதைக் கடந்த சகோதரிகளே, வெட்கத்தை விலக்கிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். நோயுற்றவள் உங்கள் வீட்டில் இருந்தால், காரணம் கேளாமல் அவளருகே அமருங்கள்.