தன்னையறிதலும் தன்னைப் பேணுதலும்

உடலுக்கு நோய் வந்தால் அதனை வெளியிற் சொல்வதற்கு மனிதன் நாணுவதில்லை. காய்ச்சலென்று படுத்தவனை விடுதித் தோழர் சூழ்ந்து நிற்பர்; கஞ்சியும் மருந்தும் அவனைத் தேடிவரும். ஆனால், பல வாரங்களாக உறக்கமிழந்து, நூலைத் திறந்தும் வரிகளில் மனம் பதியாது, வாழ்வே பயனற்றதெனக் கருதத் தொடங்கிய மாணவன் தனக்குத் ‘தலையிடி’ என்று மட்டுமே கூறுகின்றான். தன் துன்பத்திற்குரிய பெயரை அவன் அறியான். அவன் அறிந்த ஒரே பெயர் ‘விசர்’ என்பதாகும். அதனை ஏற்பதிலும் மௌனமே மேலென அவனுக்குத் தோன்றுகின்றது. இந்நிலையில், உளநலம் பற்றிக் கற்றல் ஒருவன் தன்பொருட்டுச் செய்துகொள்ளும் உபகாரம் மட்டுந்தானா, அன்றி அது ஓர் அறக்கடமையுமாகுமா என்னும் வினா எழுகின்றது.

இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. தன்னையறியுமாறு பணிக்கும் வாசகமொன்று பண்டைக் கிரேக்கத்தின் தெல்பி ஆலயத்திற் பொறிக்கப்பட்டிருந்தமை பலரும் அறிந்ததே. அதனோடு இணைந்து வழங்கிய ‘தன்னைப் பேணுதல்’ என்னும் கருத்தோ பிற்காலத்தில் பெரிதும் மறக்கப்பட்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளரான மிசேல் பூக்கோ 1982 ஆம் ஆண்டிற் பாரிசில் ஆற்றிய விரிவுரைகளில் இதனைச் சுட்டிக்காட்டினார். பண்டையோரிடத்தே தன்னையறிதல் தன்னைப் பேணுதலின் ஒரு கூறாகவே அமைந்திருந்தது என்பது அவர்தம் கருத்து. பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ‘அல்கிபியாடீஸ்’ என்னும் உரையாடலில், இருபது வயதை அணுகும் இளைஞனொருவன் ஏதென்ஸ் நகரின் அரசியலில் இறங்க விழைகின்றான். பிறரை ஆள முற்படுமுன் தன்னைப் பேணக் கற்கவேண்டுமெனச் சோக்கிரட்டீஸ் அவனுக்கு உணர்த்துகின்றார். கண் தன்னைக் காணவேண்டுமாயின் மற்றொரு கண்ணினுள் நோக்கவேண்டும். ஆன்மாவும் அத்தகையதே என்பது அங்கு வரும் உவமை. தன்னைப் பேணுதற்கும் பிறரது துணை வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மறுப்பும் உண்டு. வறுமை, வேலையின்மை, போர், இடப்பெயர்வு என்பன விளைத்த துன்பத்திற்கு உளவியல் நூலைக் காட்டுவது, சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதன்மீது சுமத்துவதாகாதா என்பர் சிலர். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இலங்கையில் 1995 ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை எட்டியது. பின்னர் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தமைக்குக் கொடிய பீடைநாசினிகள் தடைசெய்யப்பட்டமையை ஆய்வாளர் முதன்மைக் காரணமாகக் கொள்வர். தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டவிதியும் 1998 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தனிமனிதனின் அறிவால் மட்டும் ஆகாதவை சமூகத்தின் செயலால் ஆயின.

ஆயினும், சட்டம் திறந்துவிட்ட வாயிலினூடே செல்லவேண்டியவன் துன்புறுபவனே. மனச்சோர்வு சோம்பலன்று, சிகிச்சையாலே தணிக்கத்தக்க நோய் என அறிந்தவன், தன்னைத்தானே பழித்துக்கொள்ளும் கொடுமையினின்றும் விடுபடுகின்றான். அதேவேளை, அரைகுறையாகக் கற்று ஒவ்வொரு கவலைக்கும் ஒரு நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ளுதல் நற்கல்வியாகாது. பரீட்சைக்கு முன்னுள்ள அச்சமும் தாயை இழந்தவனின் துயரமும் வாழ்வின் இயல்புகளே. இயல்பு முடிந்து நோய் தொடங்கும் எல்லையை வகுத்தல் மருத்துவரின் பணி. எப்போது அவரை நாடவேண்டும் என்பதை உணர்த்துவதே இக்கல்வியின் பயன்.

இவ்வாறு கற்றவனுக்கு, அடுத்த கட்டிலில் உறக்கமின்றிப் புரளும் தோழனின் ‘தலையிடி’ எதுவென விளங்கும். ‘விசர்’ என்னும் சொல்லை எள்ளலாக வீச அவனது நா கூசும். தன்பொருட்டுத் தொடங்கிய கல்வி அறக்கடமையாய் முதிர்வது இவ்விடத்தேயாம்.