மூன்று மொழிக்கு ஒரு தாள்
மே முதல் ஒக்டோபர் வரை கற்பிட்டியில் காற்றுக் காலம். கைட் சர்ஃபிங் விடுதிகளுக்கு விளம்பரம் வேண்டும். ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிக்கு நோட்டீஸ், ஆகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பதாகை. புத்தளக் கரையில் தனியாளாக டிசைன் தொழில் செய்பவருக்கு ஒரே பாணி போதாது. ‘அம்மனை இன்னும் பெருசாப் போடுங்க தம்பி’ என்பார்கள் கோயில்காரர்கள். போடலாம், தப்பே இல்லை. இணங்கக் கூடாத இடம் வேறு: ஆங்கிலத்தை விட நீளும் தமிழ் வரியை எறும்பெழுத்தாகச் சுருக்கச் சொன்னால். தமிழை முதலில் அடுக்கினால் மற்ற இரு மொழிகளுக்கும் இடம் தானாக அமையும். இன்னொன்று, போன் திரையில் மின்னும் களப்பு நீலம் அச்சு மையில் மங்கிவிடும். மொத்தமாக அடிக்குமுன் ஒரு தாள் எடுத்துக் காட்டினால் வீண் சண்டை இல்லை.