கேட்காமல் பெற்ற பலி

மார்கழி வைகறையில் வீராணம் ஏரியைத் தழுவி வரும் காற்று, காட்டுமன்னார்கோயில் பகுதியில் திருப்பலிக்குப் புறப்படுவோரை நன்றாகவே நடுங்க வைக்கும். வயது ஏறிய பின் வெந்நீர் ஆடம்பரம் அன்று, தேவையாகிவிடுகிறது. சென்ற மார்கழியில் நம் வீட்டு வாட்டர் ஹீட்டரிலிருந்து வந்த நீர் சில நாள்களாகச் செம்மண் கரைத்தாற்போல் இருக்கவே, பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் மின்னிணைப்பைத் துண்டித்தார். உள்ளே வரும் நீரை அடைத்தார். தொட்டியில் இருந்ததை முழுவதும் வடித்தார். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, நீரைச் சூடாக்கும் சுருளை வெளியே இழுத்தார். அதனுடன் மெல்லிய கம்பி ஒன்றும் வந்தது.

“ஐயா, இது விரல் தண்டி இருந்த ராடு. இப்ப நடுக்கம்பி மட்டுந்தான் மிச்சம். ஹீட்டர் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஏழு வருஷம் இருக்கும், தம்பி.”

“ஒரு தடவைகூடப் பாக்கலியா? இது கரைஞ்சதாலதான் டேங்க் இத்தனை நாள் நின்னுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா டேங்கே ஓட்டையாயிருக்கும்.”

நாம் பதில் சொல்லவில்லை. பார்க்கத் தவறினோம் என்பதுகூடச் சரியன்று; அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. ஏழு ஆண்டுகளாக நாள்தோறும் அதன் பயனை அனுபவித்தோம். அது முற்றிலும் தீர்ந்த பிறகே அதன் பெயரைக் கேட்டறிந்தோம்.

அதன் வேலை எளிது. தொட்டி இரும்பால் ஆனது. உட்புறம் கண்ணாடி போன்ற பூச்சு இருந்தாலும், நுண்ணிய வெடிப்புகளின் வழியே நீர் இரும்பைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் துரு தொடங்கும். இதைத் தடுக்கவே மக்னீசியக் கோல் ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். எலக்ட்ரான்களை இழப்பதில் இரும்பைவிட மக்னீசியம் விரைவானது. வேதியியலார் தரும் அளவுகளில் இரும்பின் மின்னழுத்தம் -0.44 வோல்ட், மக்னீசியத்தினுடையது -2.37 வோல்ட். இரண்டும் இணைந்து ஒரே நீரில் நிற்கும்போது மக்னீசியம் அரிக்கப்படுகிறது, இரும்பு தப்புகிறது. நீரில் உப்பு மிகுந்தால் கோல் இன்னும் விரைவாகக் கரையும். ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். விலை அதிகமில்லை. கவனம்தான் வேண்டும்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் நம்மைச் சிந்திக்க வைத்தது. ‘பலியாகும் நேர்மின்வாய்’ என்பது அதன் பொருள். கத்தோலிக்கரான நாம் ‘பலி’ என்னும் சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறோம். நமது வழிபாட்டின் சிகரத்திற்கே திருப்பலி என்றுதான் பெயர். ஆயினும் இதே சொல்லைச் செய்தித்தாளும் பயன்படுத்துகிறது: ‘பேருந்து கவிழ்ந்து மூவர் பலி.’ அந்த மூவரும் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. தன்னைப் பலியாக்குதல், பிறரைப் பலியாக்குதல் ஆகிய இரண்டுக்கும் நம் மொழியில் சொல் ஒன்றே. செயல்களோ விண்ணும் மண்ணும் போல வேறானவை. அப்படியானால், ஒருவர் கரைவதால் மற்றவர் வாழும்போது, அதைத் தியாகம் என்று நாம் எப்போது அழைக்கலாம்? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

நம் ஊர்ப்புறங்களில் ஆடு வெட்டும் வழிபாடுகளைப் பலரும் கண்டிருப்போம். வெட்டுவதற்கு முன் ஆட்டின்மீது மஞ்சள் நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள். சிலிர்த்துவிட்டால், உத்தரவு கிடைத்துவிட்டது என்பார்கள். இதை ஏளனம் செய்வதற்காக இங்கே குறிப்பிடவில்லை. சம்மதம் இல்லாமல் ஓர் உயிரை எடுக்கலாகாது என்னும் மெல்லிய அச்சம் அந்தச் சடங்கிற்குள் உறைகிறது. ஆனால் குளிர்ந்த நீர் பட்டால் சிலிர்ப்பது உடலின் இயல்பு, அது விடையாகாது. நம் வீடுகளிலும் சமூகத்திலும் நாமோ அந்த நீரைக்கூடத் தெளிப்பதில்லை. எதிரே நிற்பவர் பேசாமல் இருந்தால், மௌனம் சம்மதம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு கயபா ஒரு கணக்குச் சொல்கிறார். இனம் முழுவதும் அழிவதைவிட மக்களுக்காக ஒருவர் இறப்பது நல்லது என்பது அவர் கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஹீட்டர் செய்யும் தொழிற்சாலையின் கணக்கும் இதுவே. மலிவான ஒன்று கரையட்டும்; விலை மிகுந்தது நிலைக்கட்டும். உலோகத்தைப் பொறுத்தவரை இது அறிவுடைமை. மனிதரைப் பொறுத்தவரை, நம் ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய கணக்கு இது. அதே நற்செய்தியில் அதற்கு முந்தைய அதிகாரத்தில் நல்லாயன் பேசுகிறார். தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமாகவே கொடுப்பதாகச் சொல்கிறார். கயபா ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். இயேசுவோ தம்மையே அளிக்கிறார். சிலுவை ஒன்றுதான். அது மீட்பானது கயபாவின் கணக்கினால் அன்று, இயேசுவின் விருப்பத்தினால்.

இந்த இரண்டும் ஒரே முற்றத்தில் நேருக்கு நேர் நின்ற நாள் ஒன்று உண்டு. 1941ஆம் ஆண்டு அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதி ஒருவர் தப்பிவிட்டதாகக் கருதி, பட்டினியால் சாகும்படி பத்துப் பேரை அதிகாரி பொறுக்கி எடுத்தான். அவர்களில் ஒருவரான பிரான்சிசெக் கயோவ்நிச்செக், தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அப்போது வரிசையிலிருந்து வெளியே வந்த அருள்தந்தை மாக்சிமிலியன் கோல்பே, அவருக்குப் பதிலாகத் தம்மை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 14ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, காப்பாற்றப்பட்டவரும் உரோமையில் இருந்தார். 1995இல் இறக்கும்வரை தமக்காக உயிர் கொடுத்தவரைப் பற்றி அவர் உலகுக்குச் சொல்லிவந்தார். கோல்பேயின் வீரத்தைப் போற்றும் நாம் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை. கொடுத்தவருக்கு ஒரு கடமை இருந்ததுபோல, பெற்றவருக்கும் ஒரு கடமை இருந்தது. அதை அவர் வாழ்நாள் முழுவதும் செய்தார்.

நாம் செய்தோமா? நம் குடும்பத்தில் ஓர் அக்காள் உண்டு. தந்தை இறந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. தையல் இயந்திரத்தில் மிதித்து மிதித்து நம்மைப் படிக்க வைத்தார், தங்கையரைக் கரையேற்றினார், தாமோ மணமுடிக்கவில்லை. குடும்ப விழாக்களில் அவரை மெழுகுவர்த்தி என்று வாழ்த்திப் பேசியிருக்கிறோம், பொன்னாடையும் போர்த்தியிருக்கிறோம். கரைந்த கோலைப் பார்த்த அன்று மாலை அவரிடம் சென்று, அந்த வயதில் அவர் என்னவாக விரும்பினார் என்று கேட்டோம். சிறிது நேரம் நம்மையே பார்த்தார். “நர்ஸ் படிக்க இடம் கிடைச்சிருந்துச்சு. அந்தக் கடுதாசி இன்னும் பொட்டியில இருக்கு” என்றார். பின்னர், “வேண்டா வெறுப்பா ஒண்ணும் செய்யலடா. விரும்பித்தான் செஞ்சேன். ஆனா ஒருத்தராவது கேட்டிருக்கலாம்” என்றார்.

அவர் கொடுத்தது தியாகமே, அதில் ஐயமில்லை. ஆனால் நாம் பெற்ற விதம், தொட்டி மக்னீசியத்திடம் பெற்ற விதம்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பதுதானே ஆண்டவரின் போதனை? உண்மையான அன்பு பாராட்டை எதிர்பார்க்குமா? எதிர்பார்க்காது. ஆனால் அந்தப் போதனை கொடுப்பவருக்குக் கூறப்பட்டது. பெறுபவர் கண்ணை மூடிக்கொள்ள அது தரும் உரிமை அன்று. மறைவாகக் கொடுப்பது கொடுப்பவரின் அறம். மறந்துபோவது பெறுபவரின் அறம் ஆகாது. பத்துத் தொழுநோயாளரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவரே கேட்டதை லூக்கா பதிவு செய்திருக்கிறார்.

கேட்காமல் பெறுவதால் கெடுவது கொடுப்பவர் மட்டும் அல்லர். 1824இல் இங்கிலாந்தின் சர் ஹம்ப்ரி டேவி இந்த முறையை முதலில் விளக்கியபோது, அவர் காக்க முயன்றது போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செப்புத் தகடுகளை. தகடுகளோடு இரும்புத் துண்டுகளை இணைத்தார். இரும்பு அரிந்தது, செம்பு சிறிதும் கெடவில்லை. ஆனால் எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகியதால்தான் அதுவரை கடற்பாசியும் சிப்பிகளும் கப்பலில் ஒட்டாதிருந்தன. செம்பு கரையாமல் நின்றதும் அவை அடர்ந்து படர்ந்தன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையை விரைவிலேயே கைவிட்டது. பெற்றோரோ உடன்பிறந்தோரோ தேய்ந்து காக்க, தான் ஒரு சிறு தேய்மானமும் அறியாமல் வளரும் பிள்ளையின் மீதும் இப்படித்தான் பாசி படர்கிறது. பாதுகாப்பை உரிமை என்று எண்ணிவிடுகிறான். தன் பங்கிற்குக் கரையக் கற்காதவன் வாழ்க்கைக் கடலில் விரைந்து செல்ல இயலாது.

வீட்டுக்கு வெளியேயும் இந்த நீதி பொருந்தும். 2004 முதல் நம் வீராணத்து நீர் குழாய் வழியே சென்னைக்கும் செல்கிறது. தாகம் தணிப்பது அறமே. ஆயினும் குழாயைத் திறப்பவர், அந்நீரை நம்பி நாற்று விடும் உழவரை ஒருகணம் நினைக்க வேண்டாமா? இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறக்கின்றனர். அவர்களின் சாவைச் சேவை என்றும் தியாகம் என்றும் புகழ்வது பாவம். அவர்கள் தம்மைக் கொடுக்கவில்லை. சாதியும் வறுமையும் அவர்களை அங்கே திருகிப் பொருத்தியிருக்கின்றன. அங்கே நாம் செய்ய வேண்டியது புகழ்வதன்று, இறங்காமல் தடுப்பது.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம், கிறிஸ்து தம்மையே ஒரே முறை என்றென்றைக்குமாகப் பலியாகச் செலுத்தினார் என்று கற்பிக்கிறது. ஹீட்டருக்கு ஒரு கோல் தீர்ந்தால் மற்றொரு கோல் வேண்டும். அது தீர்ந்தால் இன்னொன்று. அந்தக் கணக்கிற்கு முடிவில்லை. நாமோ முடிந்த ஒரு பலியின் மக்கள். நமக்காகக் கரைய இனி வேறொருவரைத் தேடும் உரிமை நமக்கு இல்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியாரும் நம் உடலை உயிருள்ள பலியாகப் படைக்கும்படி வேண்டுகிறாரே அன்றி, அடுத்தவர் உடலை அன்று. பீடத்தின்மேல் அப்பமும் இரசமும் உயர்த்தப்படும் வேளையில் நாம் எதை ஒப்புக்கொடுக்கிறோம்? நம்மையா, அல்லது வீட்டில் நமக்காகச் சமைத்துக்கொண்டிருப்பதால் கோவிலுக்கு வர இயலாதுபோன ஒருவரையா?

அன்று அந்த இளைஞர் புதிய கோலைப் பொருத்தினார். இரப்பர் வளையத்தையும் மாற்றினார். தொட்டியில் நீர் நிறைந்து குழாயில் வழிந்த பின்னரே மின்விசையைப் போட வேண்டும் என்று எச்சரித்தார். பிறகு ஹீட்டரின் பக்கவாட்டில் பேனாவால் அன்றைய தேதியை எழுதி, “அடுத்த வருஷம் இதே மாசம் தொறந்து பாருங்க ஐயா” என்றார்.

அந்தத் தேதி இப்போது நாள்தோறும் கண்ணில் படுகிறது. அக்காளிடம் எழுதிவைக்கத் தேதி எதுவும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டிற்குச் செல்கிறோம். அவர் எழுந்து காப்பி போடப் போவார்; இப்போதெல்லாம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு நாமே அடுப்பை மூட்டுகிறோம். பெட்டியில் உள்ள அந்தக் கடிதத்தை இன்னும் அவர் காட்டவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காதவர்களுக்குக் காத்திருப்பதும் ஒரு தவமே.