வழித்துணை

(பெரியகுளத்தில், மலை தெரியும் ஒரு திண்ணை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற குரு. மணமான பின் முதன்முறையாக மனைவியோடு கொடைக்கானல் போய்த் திரும்பிய சீடன்.)

சீடன்: ஐயா, வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடந்தோம். இருவரும் சேர்ந்து போன முதல் மலைநடை. திரும்பியதிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

குரு: எப்படி நடந்தீர்கள், சொல்.

சீடன்: போகும்போது இறக்கம். மரவேர்கள்தான் படி. நான் முன்னால் போய்ப் பாறையில் காத்திருந்தேன். மேகம் விலகி, கீழே நம் ஊர்ப் பக்கத்துச் சமவெளி தெரிந்தது. இருபது நிமிடம் கழித்து அவள் வந்தாள். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

குரு: அப்படியானால் நீ தனியாகப் போனாய். அவளும் தனியாக வந்தாள்.

சீடன்: இருவரும் பாறையை அடைந்தோமே ஐயா! நடையின் நோக்கம் அதுதானே?

குரு: அந்தப் பாறையைத் தாண்டி அதே பாதை வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கி, கும்பக்கரை வரை வருகிறது. நீ முடிவு என்று எண்ணிய பாறை, சுமையோடு ஏறி இறங்கும் வெள்ளகவிக்காரருக்கு வழியில் ஒரு வளைவு. பாறையை விடு. சேர்ந்து போனோம் என்கிறாயே, அதற்குச் சான்று என்ன?

சீடன்: இடையிடையே நின்று அவளுக்காகக் காத்திருந்தேன்.

குரு: அவள் வந்து சேர்ந்ததும்?

சீடன்: எழுந்து நடந்தேன்.

குரு: காத்திருந்த நேரமெல்லாம் உனக்கு ஓய்வு. அவள் வந்ததுமே நீ புறப்பட்டால் அவளுக்கு ஓய்வு எங்கே? பலமுள்ளவன் பலமுறை இளைப்பாறினான். மூச்சு வாங்கியவள் ஒரு முறைகூட உட்காரவில்லை. மலைநடையில் நான் கண்ட பெரிய அநியாயம் இதுதான். செய்பவனுக்கு அது பொறுமையாகத் தோன்றுகிறது. அதனால் அவன் திருந்துவதும் இல்லை.

சீடன்: ஆனாலும் ஐயா, என் கால்களுக்கு ஒரு வேகம் இருக்கிறது. அதைக் குறைத்துக்கொண்டால் அது என் நடையாக இருக்குமா? உடல் இரண்டுதானே?

குரு: நியாயமான கேள்வி. உடலும் இரண்டு, வேகமும் இரண்டு. அங்கே உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்குப் பழக உடலுக்குச் சில நாள் வேண்டும். அவளுக்கு மூச்சு வாங்கியது குறையே இல்லை. உன் வேகத்தையும் நான் குறை சொல்லவில்லை. அவள் எந்த வேரில் கால் வைத்தாள், எங்கே தயங்கினாள் என்று உனக்குத் தெரியுமா?

சீடன்: தெரியாது ஐயா.

குரு: குறிஞ்சித் திணைக்குக் கூடலை உரிப்பொருளாக வைத்தார்கள் என்று என்னிடம்தான் படித்தாய். இரவுக்குறிப் பாடல்களை நினைத்துப்பார். தலைவன் நள்ளிரவில் மலைவழியே வருகிறான். தலைவி வீட்டில் இருக்கிறாள். அவள் அஞ்சுவதெல்லாம் அவன் வரும் வழியை நினைத்துத்தான்: யானை, புலி, வழுக்குப் பாறை, பெருகி ஓடும் காட்டாறு. அவன் வைக்கும் ஒவ்வோர் அடியோடும் அவள் மனம் நடக்கிறது. கூடல் அந்த அச்சத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று நான் வாசிக்கிறேன். வகுப்பில் இதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டு அப்படிக் கடந்திருக்கிறேன். அதற்காக இன்று வருந்துகிறேன்.

சீடன்: அவள் வரும் வழியை நான் நினைக்கவே இல்லை.

குரு: திரும்பும்போது?

சீடன்: இறக்கமெல்லாம் ஏற்றமாயிற்று. ஓடி இறங்கியதில் என் தொடைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. இப்போது அவள் முன்னால் போனாள். அடிக்கடி நின்றாள்.

குரு: எதற்கு?

சீடன்: வழியோரக் குறிஞ்சிப் புதர்களைப் பார்க்க. 2018இல் பூத்து மடிந்த செடிகளின் விதையில் முளைத்தவை. இனி 2030இல்தான் பூக்கும். பூவில்லாத செடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று எண்ணியபடி நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவேன்.

குரு: பிறகு?

சீடன்: நான் எழுந்ததும் அவள் நடக்கத் தொடங்குவாள்... ஐயா, நான் எழும்வரை அவள் ஒரு தடவைகூட நகரவில்லை.

குரு: செடியைப் பார்க்கவா நின்றாள்?

சீடன்: (நெடுநேரம் கழித்து) இல்லை.

குரு: இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ. அவள் இறங்கிவந்த வழியை அவளிடமே கேள், முதல் வேரிலிருந்து. அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதே.