பார்வையும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக.



மிம்பரில் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரு பாடத்தைத்தான் கேட்டிருப்பீர்கள்: பார்வையைத் தாழ்த்துங்கள். சூரத்துந் நூரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வந்திருக்கும் கட்டளை அது. அதில் எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் அதே குர்ஆனில் கண்ணுக்கு இன்னொரு கட்டளையும் திரும்பத் திரும்ப வருகிறது: பாருங்கள். வானத்தைப் பாருங்கள், பறவையைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள், பழம் பழுப்பதைப் பாருங்கள். இதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

செவி, பார்வை, உள்ளம் இவை ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று சூரத்துல் இஸ்ராவின் 36ஆம் ஆயத்து எச்சரிக்கிறது. அந்த விசாரணையில், பார்க்கக் கூடாததைப் பார்த்ததற்கு மட்டும்தான் கேள்வியா? பார்க்கச் சொல்லியும் பார்க்காமல் விட்டதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? இதைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

அல்லாஹ் சுட்டிக்காட்டியது பக்கத்தில் இருந்ததை

சூரத்துல் காஷியாவின் 17 முதல் 20 வரையுள்ள ஆயத்துகளில் அல்லாஹுத் தஆலா நான்கு பொருட்களைப் பார்க்கச் சொல்கிறான்: ஒட்டகம், வானம், மலை, பூமி. இதற்கு முஃபஸ்ஸிர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள். பாலைவனத்தில் தனியாகப் போகும் அரபியின் கண் முன்னால் இருப்பவை இவைதாம். ஏறியிருப்பது ஒட்டகம். தலைக்கு மேல் வானம். பக்கவாட்டில் மலை. காலடியில் பூமி. எங்கோ தொலைவில் இருக்கும் அதிசயத்தைப் போய்ப் பார்த்து வா என்று அல்லாஹ் சொல்லவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஒட்டகத்தை மறுபடியும் பார் என்கிறான்.

சூரத்துந் நஹ்லில் இதைவிட நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. ஐந்தாவது ஆயத்து கால்நடைகளின் பயன்களைச் சொல்கிறது: கதகதப்பு, உணவு. ஏழாவது ஆயத்து அவை சுமை சுமப்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆறாவது ஆயத்தில், மாலையில் அவற்றை ஓட்டி வரும்போதும் காலையில் மேய்ச்சலுக்கு விடும்போதும் அதில் உங்களுக்கு ‘ஜமால்’, அழகு, இருக்கிறது என்கிறான். மாடு மேய்ந்துவிட்டு வீடு திரும்புவது எந்த ஊரிலும் நடக்கிற சாதாரணக் காட்சி. அதன் அழகையும் நிஃமத்துகளின் கணக்கில், இறைச்சிக்கும் சுமைக்கும் நடுவில், அல்லாஹ் எழுதி வைத்திருக்கிறான். காலைக்கு முன்னால் மாலையைச் சொன்னது ஏன் என்பதற்கும் உலமாக்கள் காரணம் சொல்கிறார்கள். மாலையில்தான் அவை வயிறு நிரம்பி, மடி கனத்துத் திரும்புகின்றன. அப்போதுதான் அழகு அதிகம். எவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்லும் வேதம் நம் கையில் இருக்கிறது என்பதை யோசியுங்கள்.

பார்ப்பது வேறு, காண்பது வேறு

சூரத்துல் அஃராஃபின் 198ஆம் ஆயத்து சிலரைப் பற்றி, அவர்கள் உம் பக்கம் பார்க்கிறார்கள், ஆனால் அவர்கள் காண்பதில்லை என்ற கருத்தில் பேசுகிறது. அரபியில் ‘நளர்’ என்றால் கண்ணைத் திருப்புவது. ‘பஸர்’ என்றால் உண்மையில் கண்டுகொள்வது. நம் தமிழிலும் ‘கண்டும் காணாமல் போய்விட்டான்’ என்கிறோம். கண் திறந்திருப்பதாலேயே ஒருவன் கண்டுவிட்டான் என்று ஆகிவிடாது.

சூரா யூசுஃபின் 105ஆம் ஆயத்து இன்னும் கடுமையானது. வானங்களிலும் பூமியிலும் எத்தனையோ அத்தாட்சிகள் இருக்கின்றன. மக்கள் அவற்றின் அருகிலேயே கடந்து போகிறார்கள், ஆனால் முகம் திருப்பியவர்களாகப் போகிறார்கள் என்பது அதன் கருத்து. அல்லாஹ் குறை சொல்வது, அத்தாட்சியை அன்றாடம் உரசிக்கொண்டு போயும் காணாதவர்களை. குர்ஆனின் வசனத்துக்கும் ‘ஆயத்’ என்றுதான் பெயர். படைப்பில் உள்ள அத்தாட்சிக்கும் ‘ஆயத்’ என்றுதான் பெயர். ஓர் ஆயத்தை ஓதுகிறோம். மற்ற ஆயத்தை மிதித்துக்கொண்டு போகிறோம்.

துன்யாவின் அழகு ஏமாற்று அல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். இந்த உலக வாழ்வு விளையாட்டும் வீணும் அலங்காரமும்தான் என்று சூரத்துல் ஹதீதின் 20ஆம் ஆயத்து சொல்கிறதே? ஆகிரத்தைத் தேடுகிறவனுக்குத் தென்னையும் கடலும் எதற்கு?

அந்த ஆயத்தை முழுவதும் ஓதிப் பாருங்கள். ஒருவருக்கொருவர் பெருமையடிப்பதையும், செல்வத்திலும் மக்களிலும் போட்டி போடுவதையும் சேர்த்தே அது சொல்கிறது. அந்த ஏமாற்றை விளக்க அதிலேயே வரும் உவமை எது? மழை பெய்து, பயிர் செழித்து, பிறகு மஞ்சளாகிச் சருகாவது. அந்த உவமை புரிய வேண்டுமானால் வயலைப் பார்த்திருக்க வேண்டும். பயிர் பழுப்பதை ஒரு தடவையாவது நின்று பார்த்தவனுக்குத்தான் துன்யா எப்படி முடியும் என்பது விளங்கும். ஆக, துன்யாவில் மயங்குவது ஒன்று. துன்யாவை வாசிப்பது இன்னொன்று. மயங்குகிறவன் இது என்னுடையது என்கிறான். வாசிக்கிறவன் இது யாருடையது என்று கேட்கிறான்.

இந்த விஷயத்தில் நம் முன்மாதிரி நபி (ஸல்) அவர்கள்தாம். இரவில் விழித்ததும் வானத்தைப் பார்த்து, ஆலு இம்ரானின் கடைசி ஆயத்துகளை ஓதிவிட்டுத்தான் ஒளூச் செய்யச் சென்றார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மழை பெய்தபோது தம் ஆடையைச் சற்று விலக்கி மேனியில் மழைத்துளி படச் செய்தார்கள்; அது தன் இறைவனிடமிருந்து இப்போதுதான் வந்தது என்று காரணமும் சொன்னார்கள். பருவத்தின் முதல் கனியை மக்கள் கொண்டுவந்தால், எங்கள் கனியிலும் எங்கள் ஊரிலும் பரக்கத் செய்வாயாக என்று துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் ஆகச் சிறிய குழந்தையைக் கூப்பிட்டு அதன் கையில் அந்தக் கனியைக் கொடுப்பார்கள். இவ்விரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. உஹத் நம்மை நேசிக்கிற மலை, நாமும் அதை நேசிக்கிறோம் என்றும் சொன்னார்கள். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதான இடத்தை அவர்கள் பேசியது அப்படி.

ஐந்து வக்தும் வானத்தைப் பார்க்கச் சொன்னவை

ஷரீஅத்தின் அமைப்பையே கவனியுங்கள். ஃபஜ்ருடைய நேரத்தை அறிய, ஓநாயின் வால்போல மேல்நோக்கி எழும் பொய்யான வெளிச்சத்தையும், அடிவானத்தில் படுக்கையாகப் பரவும் உண்மையான வைகறையையும் பிரித்தறிய வேண்டும். ளுஹர் சூரியன் உச்சி சாய்வதில் இருக்கிறது. அஸர் நிழலின் நீளத்தில் இருக்கிறது. ஒரு மடங்கா இரண்டு மடங்கா என்று ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் பேசுவதும் அந்த நிழலைத்தான். மஃரிப் சூரியன் மறைவதில். இஷா அந்தி ஒளி மங்குவதில். மாதமோ பிறையில். தமிழகத்தின் பழைய பள்ளிவாசல்கள் சிலவற்றில் நிழல் பார்த்து நேரம் கணிக்கும் கல்லை இன்றும் காணலாம்.

இப்போது சுவரில் டிஜிட்டல் பலகை ஒளிர்கிறது. நல்லதுதான், நேரம் தவறுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை வானத்தைப் பார்த்த உம்மத், ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஐந்து வக்தையும் முடித்துவிடுகிறது. நிழலை நீட்டியது யார் என்று பார்க்கவில்லையா என்று சூரத்துல் ஃபுர்கானின் 45ஆம் ஆயத்து கேட்கிறது. நாம் அதை ஓதுகிறோம். பள்ளித் திண்ணையில் அஸர் நிழல் நீண்டு கிடப்பது நம் கண்ணில் படுவதில்லை.

நம் அதிரையில்

நம் ஊரில் ஒட்டகம் இல்லை, மலையும் இல்லை. அப்படியானால் அதிராம்பட்டினத்துக்காரனை அல்லாஹ் எதைப் பார்க்கச் சொல்கிறான்?

தென்னையைச் சொல்லலாம். மரம் காய்க்கும்போதும் அது கனியும்போதும் பாருங்கள் என்று சூரத்துல் அன்ஆமின் 99ஆம் ஆயத்தில் கட்டளை வருகிறது. பாளை வெடிப்பது, குரும்பை தலை காட்டுவது, இளநீர் ஏறுவது, காய் முற்றுவது இவ்வளவும் ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் வெவ்வேறு குலைகளில் நடக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி, அன்றும் வெள்ளிக்கிழமைதான், கஜா புயல் அதிகாலையில் நம் பகுதியைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மரம் நின்ற காலத்தில் அண்ணாந்து பார்க்காத பலரும், அது விழுந்த பிறகு வெறும் வானத்தைப் பார்த்து அழுதார்கள். நிஃமத் போன பிறகுதான் அதன் உருவம் தெரியும் என்றால், நாம் எப்போது ஷுக்ர் செய்வோம்? அதன் பிறகு நட்ட கன்றுகள் பல இப்போது காய்த்து நிற்கின்றன. அல்லாஹ் மறுபடியும் கொடுத்திருக்கிறான். இந்தத் தடவையாவது பார்ப்போமா?

கிழக்கே முத்துப்பேட்டை வரை அலையாத்திக் காடு. மற்ற மரங்களின் வேர் மண்ணுக்குள் இறங்கும். இதன் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து மேலே எழுந்து நிற்கும். உப்பு நீரைக் குடித்துவிட்டு, மிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். இலையைத் தடவினால் உப்புப் படிகம் விரலில் ஒட்டும். நம் கடலடியில் கடற்புல் மேய்கிற ஆவுளியா, அதாவது கடல்பசு, இருக்கிறது. அதைக் காக்கத் தமிழக அரசு 2022இல் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. நம் ஊர்ப் பெயர் எழுதப்பட்ட இந்த அத்தாட்சியை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் போனில் என்ன கேட்கிறார்கள்? ஊரில் மழை பெய்ததா, குளத்தில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறார்கள். தூரம் போனதும் அவர்களுக்குக் கண் திறக்கிறது. ஊரிலேயே இருக்கிற நமக்கு அந்தப் பாக்கியம் வாசலிலேயே கிடைத்திருக்கிறது.

அழகைப் பார்த்து ஆளை விட்டுவிடாதீர்கள்

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெயில் காலத்தில் நம் உப்பளத்தைப் பாருங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை, கண்ணைக் கூசும். வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த வெண்மைக்கு நடுவில் ஒருவர் நின்று உப்பு வாருகிறார். அவர் காலில் வெடிப்பு. அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர். உப்பின் அழகைக் கண்டு அவரைக் காணாத கண், பாதிக் குருடு.

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணியைப் பற்றிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவரைக் காணவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அதைப் பெரிய விஷயமாக மற்றவர்கள் நினைக்கவில்லை. நபியவர்களோ கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்களின் கண், குப்பை பெருக்குகிற கை ஒரு நாள் இல்லாததைக் கண்டுகொண்டது. பார்வை என்றால் இதுதான்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை எல்லாரும் அறிவோம். முள்ளைக் காணாதவன் அதை எப்படி அகற்றுவான்? குளத்தின் அழகை அறிந்தவன் அதில் குப்பை மூட்டையைக் கட்டி எறிய மாட்டான். ஊர் அழுக்காவதற்கு முதல் காரணம், ஊர் நம் கண்ணிலிருந்து மறைந்துபோனதுதான்.

இந்த வாரம் மூன்று காரியங்கள்

முதலாவது, ஒரு நாளாவது ஃபஜ்ருக்குப் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு நடந்து வாருங்கள். கிழக்கு வெளுப்பதை நின்று பார்த்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். இரண்டாவது, வீட்டுப் பிள்ளைக்கு நம் ஊர் மரம் ஒன்று, பறவை ஒன்று, மீன் ஒன்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். பள்ளிக்கு வராமல் வீட்டிலிருந்து இதை வாசிக்கும் தாய்மார்கள் மொட்டை மாடியிலிருந்தே இதைச் செய்யலாம். மூன்றாவது, தினமும் நம் பார்வையில் படுகிற, ஆனால் நாம் பேசியே இராத ஒருவரிடம் ஸலாமோ நலமோ விசாரியுங்கள். தெருக் கூட்டுகிறவராக இருக்கலாம், பால் ஊற்றுகிறவராக இருக்கலாம், அடுத்த வீட்டு முதியவராக இருக்கலாம். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

யா அல்லாஹ்! நீ தந்த பார்வையை ஹராமிலிருந்து தாழ்த்தவும், உன் அத்தாட்சிகளின் பக்கம் உயர்த்தவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் கனிகளிலும், எங்கள் கடலிலும், எங்கள் ஊரிலும் பரக்கத் செய்வாயாக! போன பிறகு அழுகிற கூட்டத்தில் எங்களை ஆக்காமல், இருக்கும்போதே நன்றி செலுத்துகிற கூட்டத்தில் ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.