பலன் துறத்தல் யாருக்கு?

2020-இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, ஊரடங்கிலும் வீடுவீடாகச் சென்று நோய் அறிகுறி உள்ளவர்களைக் கண்டறிந்தவர்களுள் 'ஆஷா' பணியாளர்கள் முக்கியமானவர்கள். சுமார் பத்து லட்சம் பேர், அனைவரும் பெண்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துக் கௌரவித்தது. எனினும் அரசின் பார்வையில் அவர்கள் ஊழியர்கள் அல்லர். ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களே.

'சேவைக்கு ஊதியம் எதற்கு? பலனை எதிர்பாராமல் செய்வதன்றோ கர்மயோகம்?' என்று சிலர் கேட்கலாம். பலனைத் துறக்கும் உரிமை செயல்புரிபவருக்கே உண்டு. அவரது உழைப்பின் பயனை அனுபவிப்பவர், அவருக்கே துறவை உபதேசிப்பது கர்மயோகம் ஆகாது. ஆன்மாவில் ஆண்-பெண் பேதமில்லை என்கிறது வேதாந்தம். பெண்ணின் உழைப்புக்குப் புகழுரையே போதும் என்று கருதும் சமுதாயம் அதை இன்னும் வாழ்வில் ஏற்கவில்லை. தியாகத்தைப் போற்றுமுன் கடனைத் தீர்ப்பதே அறம்.