காண்பவர்க்கும் பங்கு உண்டா?

2021ஆம் ஆண்டு வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தை நாமக்கல்லில் என் இல்லத்தில் பேரனுடன் அமர்ந்து கண்டேன். 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை அது. குத்துச்சண்டை வீரனாயிருந்து அடியாளாகி மாண்டவன் தந்தை. மகனும் அவ்வழியே போவானோ என்று அஞ்சித் தடுப்பவள் தாய். என் மனம் அத்தாயின் பக்கமே நின்றது. ஆயினும் கபிலன் எதிரியை வீழ்த்தியபோது, "அப்படிப் போடு!" என்று கூவியது என் வாய்தான்.

"எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே பாட்டி?" என்றான் பேரன்.

நடிப்புத்தானே எனலாம். அடி பொய், என் மகிழ்ச்சி பொய்யன்றே! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் இறுதியானது காண்போரையும் சாரும் அன்றோ?

படைகள் அழியாதிருக்கப் பரதனும் பாகுபலியும் தாம் இருவர் மட்டுமே பொருதனர். மற்போரில் தமையனைத் தூக்கிய பாகுபலி, தரையில் அறையாமல் இறக்கிவிட்டார். வென்ற அரசையும் துறந்தார். சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நாம் வணங்குவது அந்த அடக்கத்தையே.

பேரனிடம் படம் பார்க்காதே என்று நான் கூறவில்லை. "வீழ்ந்தவன் முகத்தையும் பார்" என்றேன். அச்சொல் எனக்கும் உரியதே.